முதலில் விற்க எது ஏற்றது: தையலா, பலகாரமா, வறுத்த மாவா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடிக்கு அண்மையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்குத் தையல் தெரியும். முறுக்கும் பயத்தம்பணியாரமும் நன்றாகச் செய்வார். சிவப்பரிசி மா வறுத்து அயல்வீடுகளுக்குக் கொடுத்த பழக்கமும் உண்டு. கையில் 25,000 ரூபா இருக்கிறது. மூன்றையும் ஒரே பெயரில் தொடங்கலாமா, நுண்கடன் எடுத்து மா அரைக்கும் இயந்திரம் ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். வறுத்த சிவப்பரிசி மாவை மட்டும், 500 கிராம் பைக்கற்று என்ற ஒரே அளவில், ஒரே விலையில் தொடங்குங்கள்.

மூன்றிலும் உங்களுக்கு அதிகம் கைவந்தது தையலாகவே இருக்கலாம். ஆனால் முதற் பொருளைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியது, இன்று வாங்கியவர் அடுத்த கிழமையும் அதையே கேட்டு வருவாரா என்பதுதான். தைக்க வரும் ஒவ்வொருவருக்கும் அளவு வேறு, துணி வேறு, திருத்தம் வேறு என்பதால் ஒரு சட்டையில் செய்த கணக்கு மறு சட்டைக்கு உதவாது. பலகாரத்துக்குத் தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு நாட்களில் கை ஓயாது. மற்ற மாதங்களில் விற்காமல் கிடக்கும் முறுக்கில் சிக்கு வாடை வந்துவிடும். மா அப்படியல்ல. எங்கள் பக்கத்தில் பிட்டோ இடியப்பமோ அவிக்காமல் ஒரு கிழமை கழியும் வீடு அரிது. அதேவேளை, ஆதார வைத்தியசாலைக்கும் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் காலையில் ஓடும் பெண்களுக்கு அரிசி ஊறவைத்து, அரைப்பித்து, வறுத்தெடுக்க நேரமில்லை. உங்கள் முதல் வாடிக்கையாளர் அவர்களே.

இனி விலை. கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பச்சையரிசி 10 கிலோ 2,400 ரூபா, மில்லில் அரைகூலி 300, விறகு 250, பையும் லேபலும் 300 என்றால் மொத்தம் 3,250 ரூபா. அரித்துக் கப்பி நீக்கிய பிறகு ஒன்பதரைக் கிலோ மா தேறியதாக வைத்துக்கொண்டால் 19 பைக்கற்றுகள் வரும். கணக்கை 20 ஆல் அல்ல, 19 ஆல்தான் பிரிக்க வேண்டும். அப்போது ஒன்றின் அடக்கம் 171 ரூபா.

பெரும்பாலோர் இங்கேயே கணக்கை மூடி, 190 ரூபாவுக்கு விற்றுப் பைக்கற்றுக்கு 19 ரூபா இலாபம் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். மொத்தமாக அது 361 ரூபா. அரிசி கழுவியது, மில்லுக்குப் போய்வந்தது, வறுத்தது, அரித்தது, கட்டியது எல்லாம் சேர்ந்து ஐந்து மணித்தியாலம் என்றால், மணிக்கு 72 ரூபாவுக்கு உழைத்திருக்கிறீர்கள். உங்கள் கூலியை மணிக்கு 150 ரூபாவாகவேனும் சேர்த்தால் மொத்தம் 4,000, ஒன்றின் அடக்கம் ஏறக்குறைய 210 ரூபா. வீட்டு வாசலில் 240 ரூபாவுக்கு விற்றால் 30 ரூபா மிஞ்சும். அதையே கடைக்குக் கொடுத்து, கடைக்காரர் பத்து வீதம் எடுத்துக்கொண்டால் உங்களிடம் வருவது 216 ரூபா. மிஞ்சுவது 6 ரூபாதான். ஆகவே முதல் இரண்டு மாதங்களுக்குக் கடைப் பக்கம் போகாதீர்கள். வட்ஸ்அப்பில் தெரிந்தவர்களிடம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டெழுதி, ஞாயிற்றுக்கிழமை வறுத்து, திங்கட்கிழமை கையில் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது போதும். கொப்பியில் எழுதிக் கடனுக்குக் கொடுப்பதை உறவினரிடமும் தொடங்க வேண்டாம்; அவர்களிடம்தான் திருப்பிக் கேட்பது கடினம்.

கம்பனி மா இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். விலையில் அவர்களோடு போட்டியிட உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். நேற்று வறுத்த மா என்பதற்காகவே உங்களிடம் வருவார்கள். ஆகையால் வறுவற் பதம் கிழமைக்குக் கிழமை மாறக்கூடாது. தாச்சியில் மாவிலிருந்து ஆவி எழுவது அடங்கி, விரல்களால் கிள்ளித் தூவினால் கோலப்பொடி போல அறாமல் கோடு விழும் பதத்தில் இறக்குங்கள். இறக்கியதும் அகலமாகப் பரப்பி, அடிமாவும் கைக்குச் சூடு காட்டாத அளவுக்கு ஆறிய பின்பே பையில் இடுங்கள். இளஞ்சூட்டில் கட்டிய பையின் உட்புறம் வியர்க்கும். அந்த ஈரத்தில் மா கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். அவசரப்பட்டுக் கட்டிய ஒரு தவணை மா போதும், சேர்ந்த பெயரைக் கெடுக்க.

காலாவதித் திகதியை மற்றவர் பைக்கற்றைப் பார்த்து எழுத வேண்டாம். ஒவ்வொரு முறை வறுக்கும்போதும் சில பைக்கற்றுகளை எடுத்துவைத்து, கிழமைக்கு ஒன்றாகத் திறந்து மணத்தையும் நிறத்தையும் பாருங்கள். ஒன்றையாவது அவித்தும் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் தாங்கிய நாட்களை வாடைக்காற்று மழைக்காலத்துக்கும் எழுதிவிட முடியாது.

உணவுப் பொருள் என்பதால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்வதற்கும் பொருந்தும். விற்பனையைத் தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, சமையலிடத்தைக் காட்டி, லேபலில் வரவேண்டியவற்றைக் கேட்டறியுங்கள். பொருளின் பெயர், தேறிய நிறை, சேர்மானம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, உங்கள் பெயர் முகவரி ஆகியன எப்படியும் வேண்டும். வியாபாரத்துக்கு நிறுக்கும் தராசு அரச முத்திரை பதித்ததாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு அதற்கு ஆகாது. வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

இயந்திரத்துக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் ஒரு தடவைக்கு மில்லுக்குப் போகும் கூலி 300 ரூபா மட்டுமே. கிழமைக்கு ஒரு தடவை வறுத்தால் மாதத்துக்கு 1,200 ரூபா. அந்த 1,200ஐ மிச்சப்படுத்துவதற்காக, விற்றாலும் விற்காவிட்டாலும் கிழமைதோறும் தவணை கேட்டு வாசலுக்கு வரும் கடன் ஒன்றை எடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. தவணை கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மற்றொன்று என்று சிக்கிய பெண்களை இந்த மாவட்டத்தில் நீங்களும் கண்டிருப்பீர்கள்.

கையிலுள்ள 25,000 ரூபாவில் முதற் சுற்றின் அரிசிக்கும் பைகளுக்கும் மற்றச் செலவுகளுக்கும் 5,000 ரூபாவை ஒதுக்குங்கள். தராசையும், பையின் வாயைச் சூட்டால் ஒட்டும் சிறிய கருவியையும் விலை விசாரித்து வாங்குங்கள். மிகுதி வங்கியிலேயே இருக்கட்டும். பைக்கற்றை எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதோடு, எத்தனை பேர் இரண்டாம் முறையும் கேட்டார்கள் என்பதையும் ஒரு கொப்பியில் தனி நிரலாக எழுதி வாருங்கள். எட்டுக் கிழமை கழித்து அந்த நிரலில் பத்துப் பெயராவது இருந்தால், ஒரு கிலோ பையைப் பற்றியும், தீபாவளிக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பவர்களுக்கு மட்டும் முறுக்குச் சுடுவதைப் பற்றியும் யோசிக்கலாம்.