ஆற்றங்கரையில் கல் அடுக்கும் பையனுக்கு என்ன படிப்பு?

அம்மா, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாமிரபரணிக் கரையில் உங்கள் மகன் அடுக்கிய ஏழு கற்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. உச்சியில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிது. "பிளஸ் டூ படிக்கிற பையன், லீவு விட்டால் ஆற்றிலேயே கிடக்கிறான், இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவன் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு கல் நிற்க வேண்டுமானால் அதன் அடியில் மூன்று சின்ன மேடுகள் கீழ்க்கல்லில் பதிய வேண்டும். கண்ணுக்கு அவை லேசில் தெரியாது. கல்லை மயிரிழை மயிரிழையாகத் திருப்பும்போது விரல்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். பத்து தடவை சரிந்தால் பதினோராவது தடவை எடுத்து வைக்கிறான். புத்தகத்தின் முன் அரை மணி நேரம் உட்காராதவன் இங்கே நாலு மணி நேரம் இருக்கிறான் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை தந்த வரியே அதுதான்.

இதை வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1956-இல் பிறந்த ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி 13 வயதிலிருந்து பண்ணைகளில் கூலிவேலை செய்தவர். அப்புறம் கலைக் கல்லூரியில் படித்தார். இலை, பனிக்கட்டி, கல் இவைதான் அவருடைய பொருட்கள். பல படைப்புகள் சில மணி நேரத்தில் உருகிவிடும், உதிர்ந்துவிடும், புகைப்படம்தான் மிஞ்சும். அவரே நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் கலை மையத்தில், மரங்களைச் சுற்றி வளைந்து குளத்துக்குள் இறங்கி மறுகரை ஏறும் 2,278 அடி நீளக் கற்சுவரை வடிவமைத்தார். சாந்து இல்லாமல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பும் கைவினைஞர்கள் அதைக் கட்டினார்கள்.

ஆனால் அவரைப்போல் ஆகிறவர்கள் மிகக் குறைவு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இதில் வருமானம் மெதுவாகத்தான் வரும். பிழைப்புக்கு இன்னொரு கால் வேண்டும். நேக் சந்த் சண்டிகரில் சாலை ஆய்வாளர். பகலில் அரசு வேலை. வேலை முடிந்ததும் கல்லும் இடிபாடும் பொறுக்கி, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் தோட்டம் அமைத்தார். 1957 வாக்கில் தொடங்கியது 1975-இல்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடிக்காமல், அவருக்குச் சம்பளமும் 50 ஆட்களும் கொடுத்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ. அந்த இன்னொரு கால் உங்கள் பையனுக்கு இதே துறைக்குள்ளேயே கிடைக்கும் என்பது என் எண்ணம்.

கணக்கில் ஓரளவு தேறுவான் என்றால் பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர்க்கலாம். நாட்டா போன்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், படிப்பு ஐந்து வருஷம். பிறகு நிலவெளி வடிவமைப்பில் எம்.ஆர்க்., இரண்டு வருஷம். அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. பூங்கா, வளாகம், ஏரிக்கரை என்று கல்லோடும் மண்ணோடும் சம்பளத்துக்கே வேலை செய்யலாம். கணக்கு கசக்கிறதா? மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. நான்கு வருஷ பி.எஃப்.ஏ. (கவின்கலைப் பட்டம்) படிப்பில் கல்லில் உளி வைக்கக் கற்றுத்தருவார்கள். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளிலும் சிற்பப் பிரிவு உண்டு. விரல் இவ்வளவு பேசும் பையனை நானாக இருந்தால் மாமல்லபுரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய், பட்டறைகளில் உளிச்சத்தம் கேட்க விட்டு, முகத்தைப் பார்ப்பேன்.

இந்த வருஷம் அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். அடுக்கியதை ஒரே இடத்திலிருந்து காலை, மதியம், சாயங்காலம் படம் எடுக்கட்டும். எந்தக் கல், எத்தனை முறை சரிந்தது, ஏன் என்று எழுதட்டும், கூடவே பென்சிலால் வரையட்டும். இன்னொன்று: கல்லுக்கு அடியில் மீன்குஞ்சும் பூச்சியும் குடியிருக்கும். தண்ணீருக்குள்ளிருந்து எடுக்க வேண்டாம், கரையில் எடுத்ததையும் கிளம்பும்போது எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

பொதுத்தேர்வு முடிந்ததும் அவனை என்னிடம் அழைத்து வாருங்கள். மார்க் ஷீட் பிறகு பார்க்கலாம், அந்த நோட்டு மட்டும் மறக்காமல் இருக்கட்டும்.