சி நிரலில் எம்எக்ஸ் ரெக்கார்டை எடுக்க ரெஸ்_க்வெரி எழுத வேண்டுமா, டிக் கட்டளையை ஓட்டினால் போதாதா?

"டிக் +ஷார்ட் போட்டால் ஒரே வரியில் முடிகிறது, சீனியரும் அதுவே போதும் என்கிறார், ரெஸ்_க்வெரியோடு மல்லுக்கட்டுவது வீண் வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் வேலை இல்லை. ரெஸ்_க்வெரியையே எழுதுங்கள். (எம்எக்ஸ் ரெக்கார்டு என்பது ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று டிஎன்எஸ்ஸில், அதாவது இணையத்தின் பெயர்ப் பட்டியலில், எழுதிவைத்த குறிப்பு. அதைக் கேட்டு வாங்க சி நிரலுக்குள் அழைக்கும் ஃபங்ஷன் ரெஸ்_க்வெரி. டெர்மினலில் அடிக்கும் கட்டளை டிக், +ஷார்ட் போட்டால் பதிலை மட்டும் சுருக்கமாக அச்சிடும்.) கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் இதே இடத்தில் எனக்கு ஒரு காயம் உண்டு.

நீங்கள் சொல்லாததை நானே ஊகித்துக்கொள்கிறேன். லினக்ஸ் சர்வர், இரவில் ஓடும் மெயில் வேலை, ஒவ்வொரு முகவரிக்கும் அதன் டொமைனின் எம்எக்ஸைப் பார்த்து மெயிலை எந்த சர்வரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பெயரைத் தேட வழக்கமாக அழைக்கும் கெட்அட்ரின்ஃபோ இதற்கு உதவாது. அது ஐபி முகவரி தரும், எம்எக்ஸ் தராது. அதனால்தான் போப்பன் (நிரலுக்குள்ளிருந்து ஷெல் கட்டளையை ஓட்டும் ஃபங்ஷன்) வழியாக டிக்கை ஓட்டி, வருகிற வரிகளைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சீனியர் நினைத்திருப்பார்.

டிக்கை நான் குறை சொல்லவில்லை. தினமும் கையால் அடித்துப் பார்க்கிறவன்தான். ஆனால் அது மனிதர் கண்ணுக்கு எழுதப்பட்டது. டொமைனே இல்லை என்றாலும், டொமைன் இருந்து எம்எக்ஸ் மட்டும் இல்லை என்றாலும், டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் நேம் சர்வர் சர்வ்ஃபெயில் (என்னால் முடியவில்லை) என்று கையை விரித்தாலும், டிக் +ஷார்ட் ஒன்றுமே அச்சிடாது. மூன்றுக்கும் எக்ஸிட் கோடு, அதாவது கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண், 0. சர்வரிடமிருந்து பதிலே வராவிட்டால்தான் 9 வரும். அப்போதும் இரண்டு அரைப்புள்ளி போட்டு, நேரம் கடந்துவிட்டது என்று ஒரு வரியை அச்சிடும். கவனிக்காத நிரல் அந்த வரியையே மெயில் சர்வரின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். முகவரிப் பட்டியலில் யாரோ தட்டச்சு செய்த டொமைனை ஷெல்லுக்குள் விடுவதில் இருக்கும் ஆபத்து தனி.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2012ல் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வேறு நிறுவனங்களின் கணக்கு அறிக்கைகளை அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு மெயிலில் அனுப்பித் தருவது எங்கள் தொழில். எம்எக்ஸ் தேடும் பகுதியை முழுக்க நான்தான் எழுதினேன். ரெஸ்_க்வெரியைத்தான் பயன்படுத்தினேன், அதில் அப்போது பெருமையும் உண்டு. ஆனால் அது -1 தந்தால் "டொமைன் இல்லை" என்று எழுதி, மெயிலை நிரந்தரத் தோல்வி என்று பவுன்ஸ் செய்து (திருப்பி அனுப்பி), அந்த முகவரியை இனி அனுப்ப வேண்டாத பட்டியலில் சேர்த்துவிட்டேன். அந்த ஒரு இஃப் வரிதான்.

ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் உள் நேம் சர்வரில் டிஸ்க் நிரம்பி அது திணற ஆரம்பித்தது. ரெஸ்_க்வெரி இருக்கும் ரிசால்வர் லைப்ரரி இயல்பாக 5 நொடி காத்திருக்கும், 2 முறை முயலும். எந்த நேம் சர்வரைக் கேட்பது என்று எழுதிவைக்கும் ரிசால்வ் கான்ஃப் கோப்பில் எங்களுக்கு ஒரே ஒரு நேம் சர்வர்தான் இருந்தது, ஆக ஒரு டொமைனுக்கு 10 நொடி. அதன் பிறகு -1. காலையில் லாகைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் "டொமைன் இல்லை". ஊரில் பாதிப்பேர் கணக்கு வைத்திருக்கும் பெரிய மெயில் சேவையின் டொமைன்கூட இல்லையாம்.

எங்கள் டீம் லீட் மதுரைக்காரர், எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். திங்கள்கிழமை என் மேஜைக்கு வந்து, "தம்பி, ஒரு பெரியவர் கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி, எட்டு வருஷமா இந்த முகவரிதான் வெச்சிருக்கேன், இல்லைன்னு யாரு சொன்னதுன்னு கேக்குறாராம். யாரு சொன்னது?" என்றார். கோபப்படவில்லை. அதனாலேயே இன்றைக்கும் அந்தக் கேள்வி மறக்கவில்லை. சொன்னது நான்தான். நேம் சர்வர் அப்படிச் சொல்லவே இல்லை.

இது மேன் பக்கத்தில் (லினக்ஸின் கையேட்டில்) தெளிவாக இருக்கிறது. ரெஸ்_க்வெரி -1 தந்தால் பிழையின் வகையைச் சொல்லும் எச்_எர்ர்னோவைப் பார்க்க வேண்டும். அதில் 1 என்றால் ஹோஸ்ட்_நாட்_ஃபவுண்ட், அந்தப் பெயரே இல்லை என்று நேம் சர்வர் உறுதியாகச் சொல்லிவிட்டது. 2 என்றால் ட்ரை_அகெய்ன், பதில் வரவில்லை அல்லது சர்வரால் இப்போது முடியவில்லை, பிறகு கேள். 3 என்றால் நோ_ரெகவரி, கேள்வியையே ஏற்க மறுத்தது போன்ற கோளாறு. 4 என்றால் நோ_டேட்டா, பெயர் உண்டு, நீ கேட்ட வகை ரெக்கார்டு கிடையாது. இந்த ஃபங்ஷன்கள் 4.3பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பின் காலத்தவை, அதாவது 1986 வாக்கில் பெர்க்லியிலிருந்து வந்தவை. பெயர் இல்லை என்பதையும் எனக்கு இப்போது தெரியவில்லை என்பதையும் அந்த ஆட்கள் அப்போதே பிரித்து வைத்துவிட்டார்கள். பிரித்துக் கொடுத்ததைக் கலந்து குழப்பியது என் கோடு.

நான்காவதைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. எம்எக்ஸ் கேட்டு நோ_டேட்டா வந்தால் அது தோல்வியே இல்லை. எம்எக்ஸ் இல்லாத டொமைனுக்கு அதன் ஐபி முகவரிக்கே மெயிலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று மெயிலுக்கான இணைய விதி ஆவணமான ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. சின்ன அலுவலகங்கள், பழைய கல்லூரி சர்வர்கள் பல அப்படித்தான் இருந்தன. அவர்களுக்கு என் நிரல் மாதக்கணக்கில் ஒரு மெயில்கூடக் கொண்டுசேர்க்காமல் இருந்திருக்கிறது. நேம் சர்வர் திணறிய அந்த இரவு வரவில்லை என்றால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

இஃப் வரியை ஸ்விட்சாக மாற்றினேன். ட்ரை_அகெய்ன் வந்தால் மெயில் மறுபடி க்யூவுக்குப் போகும். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டு) விழ ஆரம்பித்தது. தினமும் இல்லை, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, அதுவும் ஒரே ஒரு வாடிக்கையாளரின் பட்டியல் ஓடும்போது மட்டும். விழுந்தபோது மிஞ்சிய கோர் கோப்பை ஜிடிபி டிபக்கரில் திறந்தால் ரெஸ்_க்வெரி தந்த நீளம் 649. பதிலை வாங்கிவைக்க நான் ஒதுக்கிய இடம், அதாவது பஃபர், 512.

அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. 512 பைட் பஃபருக்குள் 649 பைட் எப்படி வரும்? வரவில்லை. டிஎன்எஸ் முதலில் பயன்படுத்தும் யூடிபி வழியில் பதிலுக்கு 512 பைட்தான் எல்லை என்று 1987ல் ஆர்எஃப்சி 1035 வகுத்தது. அதற்குமேல் போனால் சர்வர் டிசி என்ற பிட்டை ஏற்றி, முழுசாகக் கொடுக்க முடியவில்லை என்று சொல்லும். உடனே லைப்ரரி உங்களைக் கேட்காமலே பெரிய பதிலும் போகக்கூடிய டிசிபி வழியில் மறுபடி கேட்டு, முழுப் பதிலையும் வாங்கும். பஃபரில் கொள்கிற அளவுக்கு நிரப்பிவிட்டு, முழுப் பதிலின் நீளத்தைத் திருப்பித் தரும். 649 என்பது பதிலின் நீளம். என் கையில் இருந்தது 512 மட்டும். நானோ பஃபரின் தொடக்கத்தோடு 649ஐக் கூட்டி, பதில் அங்கே முடிகிறது என்று பதிலில் உள்ள பெயர்களை விரித்துத் தரும் டிஎன்_எக்ஸ்பாண்டுக்குச் சொல்லிவிட்டேன்.

அன்று இரவு வீட்டில் அந்த 512 பைட்டையும் ஹெக்ஸில் (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்களில்) அச்சிட்டு, பென்சிலோடு உட்கார்ந்தேன். முதல் 12 பைட் ஹெடர். அதில் ஏழாவது எட்டாவது பைட் எத்தனை பதில்கள் என்று சொல்லும். 00 0இ, அதாவது 14. அடுத்து நாம் கேட்ட கேள்வி அப்படியே வரும், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம், பெயரின் கடைசியில் 00, அதன் பின் வகையும் வகுப்பும். பிறகு ரெக்கார்டுகள். ஒவ்வொன்றும் சி0 0சி என்று தொடங்கும். முதல் இரண்டு பிட்டும் 1 என்றால் அது பெயர் இல்லை, பெயர் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர். 0சி என்றால் 12ஆவது இடம், ஹெடர் முடிந்து கேள்விப் பெயர் தொடங்கும் இடம். ஒரே பெயரைப் பதினான்கு தடவை எழுதாமல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. பிறகு 00 0எஃப், 15, எம்எக்ஸ் வகை. பிறகு வகுப்பு, டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பது), தரவின் நீளம், முன்னுரிமை எண், கடைசியில் மெயில் சர்வரின் பெயர். ஒவ்வொரு சி0 0சியிலும் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். பதினோராவது வட்டத்துக்குப் பிறகு பெயருக்கு நடுவிலேயே தாள் முடிந்துவிட்டது.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெரிய குழுமம் பல கம்பெனிகளை வாங்கி இணைத்திருந்தது. அதனால் பதினான்கு எம்எக்ஸ், ஒவ்வொன்றும் வேறு வேறு டொமைன் பெயரில். சுருக்க வழியில்லாததால்தான் பதில் 512ஐத் தாண்டியது. பன்னிரண்டாவது ரெக்கார்டு என்று என் நிரல் படித்ததெல்லாம் ஸ்டாக்கில் பஃபருக்கு அப்பால் கிடந்த பழைய பைட்டுகள். அதில் தரவின் நீளம் பூஜ்யமாக அமைந்த நாளில் ஒன்றும் ஆகாது. பெரிய எண்ணாக அமைந்த நாளில் பாயிண்டர் எங்கோ தாவும், நிரல் விழும்.

சரிசெய்ய ஒரு வரி போதும்: வந்த நீளம் பஃபரைவிடப் பெரிதென்றால் பஃபர் அளவுக்குக் குறைத்துக்கொள். பழைய மெயில் சர்வர் நிரலான சென்ட்மெயிலின் கோடைத் திறந்து பார்த்தேன், அதே வரி அதே காரணத்தோடு அங்கே இருந்தது. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அப்புறம் நான் இன்னொன்றும் செய்தேன், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். டிசிபியில் டிஎன்எஸ் பதிலின் நீளம் 16 பிட் எண், 65535க்கு மேல் போகவே முடியாது. அந்த அளவு பஃபரை ஒரு தடவை ஒதுக்கி வைத்துக்கொண்டால் பாதி ரெக்கார்டோடு நிற்கும் நிலையே வராது. குறைக்கும் வரியையும் எடுக்காதீர்கள், இருக்கட்டும்.

அந்த வேலை முடிய ஞாயிறு இரவு 11 மணியிலிருந்து திங்கள் காலை 5 மணி ஆனது. தூங்கி எழுந்து பதினொன்றரைக்கு அலுவலகம் போனேன். மாதக் கடைசியில் அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். எச்ஆரில் போய்க் கேட்டேன். கார்டு தேய்த்த நேரம்தான் வேலை நேரம், வீட்டில் செய்ததற்கு எங்களிடம் பதிவு இல்லை என்றார்கள். சோர்ஸ் கண்ட்ரோலில் காலை 4.50க்கு நான் ஏற்றிய மாற்றம் இருக்கிறது, பாருங்கள் என்றேன். அது எங்கள் சிஸ்டம் இல்லை என்றார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். பணம் பெரிதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். இன்றைக்கு வேறு இடத்தில் நான் டீம் லீட், என் டீம் பிள்ளைகள் இரவில் வேலை பார்த்தால் மறுநாள் மதியத்துக்கு முன் யாரும் அவர்களுக்கு போன் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

"இப்போது யார் சி எழுதுகிறார்கள், பைத்தானில் லைப்ரரி இருக்கிறதே" என்று கீழே யாராவது கேட்பீர்கள். இருக்கிறது, டிஎன்எஸ்பைத்தான் நல்ல லைப்ரரி. பெயர் இல்லாவிட்டால் ஒரு எக்செப்ஷன், ரெக்கார்டு இல்லாவிட்டால் ஒன்று, எந்த சர்வரும் ஒழுங்காகப் பதில் தராவிட்டால் ஒன்று, நேரம் கடந்தால் ஒன்று என்று தனித்தனியாகத் தருகிறது. ஆனால் நான் ரிவியூ செய்யும் கோடில் பாதிக்கு மேல் எல்லாவற்றையும் ஒரே எக்செப்டில் பிடித்து "டொமைன் தவறு" என்று திரையில் காட்டுகிறார்கள். மொழி மாறினாலும் 2012ல் நான் எழுதிய அதே இஃப் வரிதான் அது.

"பஃபர் அளவு பார்க்கத் தெரியாதவன் சி எழுதலாமா" என்றும் கேட்கலாம். கேளுங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் கெட்அட்ரின்ஃபோவிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. ஸ்டாக்கில் ஒதுக்கிய 2048 பைட் பஃபருக்கும் அதைவிடப் பெரிய பதிலுக்கும் இடையில் கணக்கு தவறிய பிழை. 2008ல் வந்த 2.9 பதிப்பிலிருந்தே அது உள்ளே இருந்தது. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் பராமரிக்கும் கோடு அது. நான் என் பிழைக்குச் சாக்கு சொல்லவில்லை, இந்த இடம் எல்லோருக்கும் வழுக்கும் என்று சொல்கிறேன்.

ஒரே நேரத்தில் ஆயிரம் டொமைன் தேட வேண்டுமென்றால் ரெஸ்_க்வெரி சரிப்படாது. அது ஒவ்வொன்றுக்கும் காத்து நிற்கும். அப்போது காத்து நிற்காமல் தேடும் சி-ஏரெஸ் லைப்ரரி பக்கம் போங்கள். மெயிலுக்கு ரெஸ்_சர்ச் வேண்டாம், அது உங்கள் அலுவலக டொமைனை வால் போல ஒட்டியும் தேடிப் பார்க்கும். லிங்க் செய்யும்போது எல்ரிசால்வ் (ரிசால்வர் லைப்ரரியைச் சேர்க்கும் ஆப்ஷன்) மறக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் சீனியரிடம் காட்டுவதற்கு முன் நான்கு பெயர்களை ஓட்டிப் பாருங்கள். எம்எக்ஸ் உள்ள ஒரு டொமைன். ஐபி முகவரி மட்டும் உள்ள ஒரு டொமைன், அதற்கு 4 வர வேண்டும். புள்ளி இன்வேலிட் என்று முடியும் ஏதாவது ஒரு பெயர், அப்படி எதுவும் இருக்கக் கூடாது என்றே அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், 1 வர வேண்டும். கடைசியாக, சோதனை மெஷினின் ரிசால்வ் கான்ஃபில் நேம் சர்வராக 192.0.2.1ஐ மட்டும் போட்டுவிட்டு, முதலில் ஓட்டிய அதே நல்ல டொமைனை மறுபடி ஓட்டுங்கள். அந்த முகவரி ஆவணங்களில் உதாரணம் காட்ட ஒதுக்கப்பட்டது, அங்கே எந்த சர்வரும் கிடையாது. 10 நொடி காத்திருங்கள். 2 வந்து, மெயில் க்யூவிலேயே இருந்தால் உங்கள் கோடு சரி.