கணினிக் கேள்வி பதில்: பழைய பிஎச்பி, புதிய பிஎச்பி

இணையதளங்களுக்கு நிரல் எழுதும் மொழியான பிஎச்பி பற்றி ஒரே மாதிரியான கேள்விகள் நிறைய வந்து சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். பிஎச்பி 4 காலத்திலிருந்து இந்த மொழியில்தான் வேலை பார்க்கிறேன். பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுப்பதுதான் இப்போது என் அன்றாட வேலை.

கே: வேறொருவர் எழுதிக் கொடுத்த தளம், பிஎச்பி 5.6ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. சர்வரை 8க்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வெறும் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ப: பதறாதீர்கள். நிரல் பாதியில் நின்றுவிட்டது, அதன் காரணத்தைத் திரையில் காட்ட வேண்டாம் என்று சர்வரில் அமைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பக்கத்துக்கு அர்த்தம் அவ்வளவுதான். காரணம் எரர் லாக்கில், அதாவது சர்வர் பிழைகளைக் குறித்துவைக்கும் கோப்பில் இருக்கும். திறந்து கடைசி வரியைப் படியுங்கள். 5.6 காலத்துத் தளம் என்றால், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் இணைக்கும் 'மைஎஸ்கியூஎல்_கனெக்ட்' என்ற ஃபங்ஷனே இல்லை என்று பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். மைஎஸ்கியூஎல் என்று தொடங்கும் அந்தப் பழைய ஃபங்ஷன்களைக் கைவிடப் போகிறோம் என்று 2013ல் வந்த 5.5லேயே அறிவித்தார்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0ல் எடுத்தே விட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். 5.6லிருந்து 8க்கு ஒரே தாவாகத் தாவாதீர்கள். தளத்தை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து அங்கே 5.6ஐயே போடுங்கள். அதில் பழைய மைஎஸ்கியூஎல், புதிய மைஎஸ்கியூஎல்ஐ இரண்டுமே வேலை செய்யும். ஒவ்வொரு கோப்பாக மாற்றி, மாற்றியது சரியா என்று உடனே ஓட்டிப் பார்க்கலாம். வெறுமனே ஓர் 'ஐ' சேர்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பழையதில் தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்கியூஎல் வரி முதலில், இணைப்பு அப்புறம். புதியதில் இணைப்பு முதலில் வர வேண்டும். படிவத்திலிருந்து வரும் மதிப்பை எஸ்கியூஎல் வரிக்குள் நேராக ஒட்டியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி வைத்து எழுதி, மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் முறைதான் பாதுகாப்பானது.

அது முடிந்ததும் நகலை 7.4க்கு ஏற்றுங்கள். எல்லா எச்சரிக்கைகளையும் லாக்கில் எழுதச் சொல்லுங்கள், 'டெப்ரிகேட்டட்' (விரைவில் கைவிடப்படும்) என்று வருபவை உட்பட. பலர் அவற்றைத்தான் முதலில் அணைத்துவைக்கிறார்கள். அங்கேதான் வினை.

என் கையில் நடந்ததைச் சொல்கிறேன். ரசீது அச்சிடும் ஒரு நிரல். அதில் 'ரசீது' என்று ஒரு கிளாஸ், அதற்குள் அதே பெயரில் ஒரு ஃபங்ஷன். பிஎச்பி 4 காலத்தில் கன்ஸ்ட்ரக்டரை அப்படித்தான் எழுதுவோம். அந்தக் கிளாஸிலிருந்து ஓர் ஆப்ஜெக்ட் உருவாகும்போது அது தானாக ஓடி, அடுத்த ரசீது எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளும். 8ல் அந்த வழக்கம் போய்விட்டது. கிளாஸின் பெயரே கொண்ட ஃபங்ஷன் இப்போது மற்ற ஃபங்ஷன்களைப் போல ஒரு சாதாரண ஃபங்ஷன், யாராவது அழைத்தால்தான் ஓடும். அழைக்க ஆளில்லை. எரர் இல்லை, வார்னிங் இல்லை, வெள்ளைப் பக்கமும் இல்லை. அழகான ரசீதுகள் எண் இல்லாமல் வந்துகொண்டே இருந்தன. இரண்டு நாள் கழித்து கணக்கு பார்ப்பவர் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. இது நடக்கப் போகிறது என்று 7.4 ஒவ்வொரு முறையும் லாக்கில் சொல்லியிருக்கும். நான் அந்தப் படியில் நிற்காமல் போய்விட்டேன்.

அதனால்தான் 7.4ல் ஒரு வாரமாவது நின்று போகச் சொல்கிறேன். லாக் காலியான பிறகு 8க்குப் போங்கள். அங்கே மிச்சம் கொஞ்சம் இருக்கும். 'நல்' என்ற காலி மதிப்பைக் 'கவுன்ட்' செய்தால் பழைய பிஎச்பி பேசாமல் 0 என்று சொல்லும், 7.2 முதல் வார்னிங் கொடுத்தது, 8ல் நிரல் நின்றுவிடும். மேற்கோள் குறி இல்லாமல் எழுதிய அரே சாவிகளும் அப்படித்தான். இவை எல்லாம் சத்தம் போட்டுச் சொல்கிற பிழைகள். ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

கே: மேலே சொன்ன மாதிரி மைஎஸ்கியூஎல்ஐக்கு மாறினேன். யூடிஎஃப்8எம்பி4 என்று எழுத்துக் குறியீட்டையும் அமைத்தேன். இதுவரை நன்றாகத் தெரிந்த தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் இப்போது கொத்துக் கொத்தாகப் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. புதிய பிஎச்பி தமிழைக் கெடுத்துவிட்டதா?

ப: இல்லை. எழுத்து பல வருடங்களாகவே கெட்டுத்தான் கிடந்தது. இப்போதுதான் வெளியே தெரிகிறது.

திரையை உற்றுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? யூடிஎஃப்-8ல் (யூடிஎஃப்8எம்பி4 என்பது மைஎஸ்கியூஎல்லில் அதன் பெயர்) தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'த' என்பதற்கு ஈ0, ஏஈ, ஏ4. இந்த மூன்றையும் தனித்தனியே லத்தீன் எழுத்தாகப் படித்தால் முதல் இரண்டும் அந்த 'ஏ'வும் வட்ட 'ஆர்'உம்தான்.

பழைய நிரல் தரவுத்தளத்துடன் பேசும்போது 'நான் அனுப்புவது லத்தீன்1' என்று சொல்லிக்கொண்டு தமிழை அனுப்பியது. தரவுத்தளம் அதை நம்பி, லத்தீனிலிருந்து யூடிஎஃப்-8க்கு இன்னொரு முறை மாற்றிச் சேமித்தது. திரும்பக் கேட்கும்போதும் நிரல் லத்தீன் என்றே கேட்டதால் அந்தத் தப்பு தலைகீழாகத் திரும்பி, திரையில் தமிழ் சரியாக வந்தது. போகும்போது ஒரு தப்பு, வரும்போது ஒரு தப்பு, இரண்டும் கழிந்துவிட்டன. நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்தீர்கள். அதனால் மிச்சமிருக்கும் தப்பு தெரிகிறது.

நீங்கள் சேர்த்த அந்த வரியை எடுத்துவிடாதீர்கள், அது சரிதான். சேமித்து வைத்திருப்பதைத்தான் திருத்த வேண்டும். முதலில் முழு பேக்கப். பிறகு ஒரே ஒரு கட்டுரையில் மட்டும் முயற்சி செய்யுங்கள்: கட்டுரை இருக்கும் அட்டவணைப் பத்தியை (நெடுவரிசையை) லத்தீன்1ஆக மாற்றி, பைனரியாக்கி, அதை யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொன்னால் தமிழ் வந்துவிடும். வந்தால் மற்றவற்றுக்கும் செய்யலாம். ஆனால் ஒரு வரிசைக்கு ஒரு முறைதான் செய்ய வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்த்த கட்டுரைகள் சரியாகவே இருக்கும், அவற்றின் மீது இதை ஓட்டினால் அவை போய்விடும். தேதியைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் உள்ள கட்டுரைகள் மொத்தமாகக் காணாமல் போகும். பக்கத்தில் வெளியிடும் முன் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்புவோம் அல்லவா, அது 5.4 முதல் எல்லாவற்றையும் யூடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்கிறது. யூடிஎஃப்-8 விதிக்குள் வராத பைட் ஒன்றே ஒன்று இருந்தாலும், முழுக் கட்டுரைக்கும் பதிலாக வெற்றுச் சரத்தை (ஓர் எழுத்தும் இல்லாத உரையை) திருப்பிவிடும். 8.1ல் இதை மாற்றிவிட்டார்கள். கெட்ட இடத்தில் மட்டும் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வரும், மற்றது அப்படியே வரும். கட்டுரை அழிந்துவிட்டது என்று பயந்தவர்களுக்குச் சொல்கிறேன்: தரவுத்தளத்தில் அது பத்திரமாக இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கே: கட்டுரையின் முதல் 100 எழுத்தை முன்னோட்டமாகக் காட்டுகிறேன். கடைசி எழுத்து சில சமயம் உடைகிறது. புதிய பதிப்பில் தீர்வு உண்டா?

ப: உண்டு, ஆனால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லை, நீளத்தைச் சொல்லும் ஸ்டர்லென் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 15 என்கிறது. அது எண்ணுவது பைட். பழைய பதிப்பிலும் 8லும் இது மாறவே இல்லை. எம்பி_ஸ்டர்லென் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. அந்த மூன்றைச் சொல்வது கிராஃபீம்_ஸ்டர்லென்.

சப்ஸ்டர் கொண்டு வெட்டினால் மூன்று பைட்டின் நடுவே கத்தி விழும், எழுத்து உடையும். எம்பி_சப்ஸ்டரில் எழுத்து உடையாது, ஆனால் புள்ளி கழன்று 'தமிழ' என்று நிற்கும். இதைப் பல தமிழ்த் தளங்களில் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. கிராஃபீம்_சப்ஸ்டர் பயன்படுத்துங்கள். இன்டில் என்ற எக்ஸ்டென்ஷன் சர்வரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 8.4ல் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரிக்க கிராஃபீம்_ஸ்டர்_ஸ்பிளிட்டும் வந்துவிட்டது. சொல் விளையாட்டு, குறுக்கெழுத்து எழுதுகிறவர்கள் இதற்காகவே 8.4க்குப் போகலாம்.

கே: 5க்குப் பிறகு 7. பிஎச்பி 6 எங்கே போயிற்று?

ப: அதுவும் இந்த எழுத்து விவகாரத்தில்தான் முடங்கியது. மொழிக்குள் எல்லாச் சரங்களையும் யூனிகோடாக, யூடிஎஃப்-16ல் வைத்துக்கொள்ள 2005 வாக்கில் வேலை ஆரம்பித்தார்கள். வேகம் குறைந்தது, நினைவகம் கூடியது, வேலை முடியவில்லை. 2010ல் கைவிட்டார்கள். அதற்குள் 6 என்று பெயர் போட்டுப் புத்தகங்களே வந்துவிட்டதால், குழப்பம் வேண்டாம் என்று 2014ல் ஓட்டெடுப்பு நடத்தி அடுத்ததற்கு 7 என்று வைத்தார்கள்.

கே: வகைப் பட்டியலில் 'அனைத்தும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பதிவும் வரும். 8க்கு மாறியபின் ஒன்றுமே வருவதில்லை. நிரலில் ஒரு எழுத்துகூட நான் மாற்றவில்லையே?

ப: நீங்கள் அனுப்பிய நிரலில், வகை 0க்குச் சமமானால் எல்லாவற்றையும் காட்டு என்று இரண்டு சமக்குறி போட்டு எழுதியிருக்கிறது. படிவத்திலிருந்து வருவதோ 0 அல்ல, 'அனைத்தும்' என்ற சொல். பழைய பிஎச்பி சொல்லை எண்ணோடு ஒப்பிடும்போது சொல்லை எண்ணாக மாற்றிக்கொள்ளும். எண் இல்லாத சொல் 0 ஆகிவிடும். அதனால் 'அனைத்தும்' 0க்குச் சமம் என்று ஆயிற்று. 'கவிதை'யும் 0க்குச் சமம்! அந்த வகையைத் தேர்ந்தெடுத்தபோதும் எல்லாப் பதிவும்தான் வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

8ல் இதைத் திருப்பிவிட்டார்கள். சொல் எண்ணாகத் தெரியாவிட்டால், எண்ணைச் சொல்லாக்கி ஒப்பிடும். '0' வேறு, 'அனைத்தும்' வேறு. என்னைக் கேட்டால் 8ல் வந்த மாற்றங்களில் மிக நல்லது இதுதான், ஆனால் லாக்கில் ஒரு வரிகூட எழுதாமல் வரும் மாற்றமும் இதுதான். உங்கள் நிரலில் இரண்டு சமக்குறி உள்ள இடங்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையால்தான் செய்ய வேண்டும். என்ன வரும் என்று தெரிந்துகொண்டு மூன்று சமக்குறியாக்குங்கள்.

கே: நூலகத்தில் கிடைத்த பிஎச்பி 5 புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீண்தானா?

ப: வீண் இல்லை. ஃபோர்ஈச், அரே, ஃபங்ஷன், செஷன், படிவம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பென்சிலை எடுத்து சில பக்கங்களை மட்டும் அடித்துவிடுங்கள்: பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள், எரெக் என்று தொடங்குபவை, மேஜிக் கோட்ஸ், ரெஜிஸ்டர் குளோபல்ஸ். கடைசியில் சொன்னது இருந்தவரை, முகவரிப் பட்டையில் 'அட்மின்=1' என்று சேர்த்தால் நிரலுக்குள் அட்மின் என்ற மாறி தானாகப் பிறந்துவிடும். 5.4ல் ஒழித்தார்கள். படிக்கும்போது சர்வரில் 8.4 போட்டுக்கொள்ளுங்கள். புத்தகத்தில் எது செத்துப்போயிற்று என்று அதுவே சொல்லும்.

கே: 8ல் ஜிட் (நிரலை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி) இருப்பதால் தளம் வேகமாகுமா?

ப: சாதாரணத் தளத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பெரும்பாலான நேரம் தரவுத்தளத்துக்காகக் காத்திருப்பதில்தான் போகிறது. ஜிட் உதவுவது கணக்கு அதிகம் போடும் நிரலுக்கு. பெரிய வேகம் 5லிருந்து 7க்கு வந்தபோதே கிடைத்துவிட்டது.

கே: பயனர்களின் கடவுச்சொற்கள் எம்டி5ல் (கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் பழைய முறை) இருக்கின்றன. புதிய முறைக்கு மாற எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டுமா?

ப: வேண்டாம். ஆனால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இது உங்கள் தளம் மட்டும் அல்ல, உங்களை நம்பியவர்களின் சாவி. பலர் அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பார்கள்.

5.5லேயே பாஸ்வேர்ட்_ஹாஷ் வந்துவிட்டது. அதற்குப் பயனர் அட்டவணையில் 255 எழுத்து நீளத்தில் ஒரு புதிய பத்தியைச் சேருங்கள். ஒருவர் உள்நுழையும்போது புதிய பத்தி காலியாக இருந்தால், பழைய எம்டி5ஐ வைத்துச் சரிபாருங்கள். சரியென்றால் அந்த நொடியில் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கிறது. அதை பாஸ்வேர்ட்_ஹாஷில் போட்டுப் புதிய பத்தியில் எழுதிவிட்டு, எம்டி5ஐ அழித்துவிடுங்கள். பயனருக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்தும் உள்ளே வராதவர்களின் எம்டி5ஐயும் அழித்துவிடுங்கள். அவர்கள் என்றாவது வந்தால் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' வழியாகப் புதிதாக வைத்துக்கொள்வார்கள். பழைய பேக்கப் கோப்புகளிலும் அந்தப் பத்தி இருக்கும், அவற்றையும் மறக்காமல் தேடி அழியுங்கள்.