நரம்பியல் பொறியியலுக்கு எந்தப் படிப்பில் தொடங்குவது?

கேள்வி: பெரம்பூரில் பிளஸ் டூ படிக்கும் என் மகள், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுத்திருக்கிறாள். பக்கவாதத்தால் பாட்டியின் வலக்கை செயலிழந்ததிலிருந்து, மூளையையும் கருவியையும் இணைக்கும் துறையில்தான் சேர வேண்டும் என்கிறாள். பயோமெடிக்கல் எடுப்பதா, இசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) எடுப்பதா?

பதில்: பட்டத்தின் பெயரைவிட, அதில் கணிதமும், மின் அலைகளை அலசும் சிக்னல் பாடங்களும் எவ்வளவு ஆழமாக நடத்தப்படுகின்றன என்பதைப் பாருங்கள். மண்டையோட்டையும் தோலையும் கடந்து தலையின் மேற்பரப்புக்கு வந்து சேரும் மூளை அலை, பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் (ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவே இருக்கும். அதைப் பதிவு செய்யும் அறையின் சுவருக்குள் 230 வோல்ட் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நோயாளி கண் சிமிட்டினாலே மூளை அலையைவிடப் பெரிய அலை எழுந்துவிடும். இந்தக் கூச்சலுக்கு நடுவிலிருந்து கையை அசைக்க நினைத்த எண்ணத்தின் தடத்தைப் பிரித்தெடுப்பதுதான் இத்துறையின் அன்றாட வேலை என்பதால், நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், மின்சுற்று ஆகியவற்றில் தடுமாறுபவர் இங்கே நெடுநாள் நிற்க முடியாது.

கிண்டி பொறியியல் கல்லூரியிலோ, மருத்துவமனைத் தொடர்பும் நல்ல ஆய்வகமும் உள்ள வேறு கல்லூரியிலோ இடம் கிடைத்தால் பயோமெடிக்கல் எடுக்கலாம். இல்லையென்றால் இசிஇ எடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். உயிரியலைப் பின்னால் படித்துக்கொள்ளலாம். தவறவிட்ட கணிதத்தை 22 வயதுக்குப் பிறகு தனியாக மீட்பது மிகக் கடினம். பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதையும், உயிரியல் அதில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சென்னை ஐஐடியின் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பிஎஸ் படிப்புக்கு, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. நான்கு பாடங்களிலும் கேள்வி வரும் தேர்வு என்பதால் உங்கள் மகளின் பிரிவுக்கு அது நன்றாகப் பொருந்தும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் தவறாமல் பாருங்கள்.

கல்லூரியில் சேர்ந்தபின், சான்றிதழ்களைச் சேர்ப்பதைவிட ஒரே ஒரு வேலையை முழுமையாகச் செய்து முடிப்பது நல்லது. உடலியல் பதிவுகளைப் பொதுவில் வைக்கும் பிசியோநெட் (PhysioNet) இணையதளத்தில், 109 பேர் கையை மூடித் திறந்தபோதும், அப்படிச் செய்வதாக மனத்தில் நினைத்தபோதும் 64 மின்முனைகளால் எடுத்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இடக்கையா வலக்கையா என்று அவற்றிலிருந்து கணிக்கும் நிரலை அவள் தானே எழுதட்டும். ஒருவரின் பதிவில் சரியாக வந்த கணிப்பு அடுத்தவரிடம் ஏன் பிசகுகிறது என்று தேடத் தொடங்கும் இடத்தில்தான் உண்மையான படிப்பு தொடங்குகிறது.

மேற்படிப்புக்கு, 2020 முதல் கேட் (GATE) எனும் முதுநிலைப் பொறியியல் நுழைவுத்தேர்வில் பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் இருக்கிறது. சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்டெக், மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி தருவதால் குறிப்பிடத்தக்கது.

குடும்பமாக முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது காலத்தைப் பற்றி. ஆராய்ச்சியே இலக்கென்றால், இளநிலை 4, முதுநிலை 2, முனைவர் பட்டம் ஏறக்குறைய 5 என்று ஆண்டுகள் ஓடி, அவளுக்கு 28 வயது தாண்டிவிடும். ஆனால் அந்தக் கடைசி ஆண்டுகள் உங்கள் கைப்பணத்தில் ஓட வேண்டியதில்லை: மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உள்ளது.