ஒரே மாதம் சேர்ந்தோம், அவருக்கு மட்டும் 5,400 ரூபாய் கூட

கேள்வி: ஓசூரில் உதிரிபாக ஆலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். 2017-ல் என்னோடு சேர்ந்தவரும் அதே டிப்ளமோதான், அதே லைன், அதே வேலை. நான் 15,000-த்தில் சேர்ந்தேன், அவர் 17,000-த்தில். இன்று எனக்கு 28,500, அவருக்கு 33,900. எல்லோருக்கும் வருடம் 9 சதவீதம் உயர்வு, பிரசவ விடுப்பில் போன 2020-ல் மட்டும் எனக்கு 4 சதவீதம். "ஆறு மாசம் வீட்ல இருந்தேல்ல, அதான்" என்கிறார் வீட்டுக்காரர். "பொம்பளைன்னாலே கம்மிதான்" என்கிறாள் தோழி. எது சரி? எச்.ஆரிடம் என்ன கேட்பது?

பதில்: கால்குலேட்டரை எடுங்கள், இதில் பாதி சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

15,000-த்துக்கு எட்டு முறை 9 சதவீதம் போட்டால் சுமார் 29,900 வரும், 17,000-த்துக்குப் போட்டால் 33,900. அதாவது அந்த 4 சதவீத வருடமே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நீங்கள் 4,000 ரூபாய் பின்னால்தான் இருந்திருப்பீர்கள். சேரும்போது இருந்த 2,000 ரூபாய், யாரும் எதுவும் செய்யாமலே குட்டி போட்டு இரண்டு மடங்காகிவிட்டது. மீதி 1,400 தான் பிரசவ வருடத்துக் கணக்கு. 2020-ல் அது 900 ரூபாயாகத்தான் தெரிந்திருக்கும், அப்போது நீங்களும் பெரிதாக எடுத்திருக்க மாட்டீர்கள். ஆக, உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் காரணம் கால்வாசியைத்தான் தாங்கும்.

சரி, அந்த 2,000 எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் "கடைசியா என்ன வாங்கினீங்க?" என்ற ஒரே கேள்வியிலிருந்து. பழைய சம்பளத்தின் மேல் 20, 30 சதவீதம் போட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம் (பதினெட்டு வருடம் எச்.ஆரில் இருந்தவன், நானும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்). முந்தைய கம்பெனி உங்களுக்குக் குறைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் குறையை இந்தக் கம்பெனி அப்படியே தத்தெடுத்துக்கொள்கிறது, இங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் வேலைக்கு எடுக்குமுன் இந்தக் கேள்வியைக் கேட்கவே தடை போட்டது இதனால்தான்.

தோழி சொல்வது நாட்டுக்கணக்கில் சரி, ஆனால் காரணம் ஒன்று அல்ல. கட்டட வேலையில் பாருங்கள், கையாளாகச் சேரும் பையன் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான், சித்தாளாகச் சேர்ந்த அக்கா இருபது வருடம் கழித்தும் சித்தாள்தான். கூலி வேறு, ஏனென்றால் வேலை வேறு என்பார்கள். வேலை ஏன் வேறாகவே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அப்புறம் நேரம். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி கூலியில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. 2023-ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் காட்டியதும் இதையொட்டியதுதான்: எந்நேரமும் கூப்பிட்டால் வருபவருக்கு அதிகம் கொடுக்கும் வேலைகளில் இடைவெளி பெருகுகிறது, ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கமுடிகிற மருந்தாளர் வேலை மாதிரியானவற்றில் சுருங்குகிறது. "இடைவெளிக்குக் காரணம் இருக்கு, அதனால் பாகுபாடு இல்லை" என்று வாதாடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். காரணம் இருப்பதும் நியாயம் இருப்பதும் ஒன்றல்ல.

ஆனால் உங்கள் விஷயம் இவ்வளவு சிக்கலே இல்லை. ஒரே வேலை. 1976-ம் வருடச் சம ஊதியச் சட்டம் (இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது) ஒரே வேலைக்கோ அதை ஒத்த வேலைக்கோ பாலினம் பார்த்துக் குறைக்கக் கூடாது என்கிறது. 1987-ல் ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஸ்டெனோகிராஃபர் வழக்கில், "யூனியனோடு ஒப்பந்தம் போட்டாச்சு", "நிதி நிலைமை சரியில்லை" என்ற இரண்டு சாக்கையுமே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே கம்பெனி "பெண் என்பதால் இல்லை, பழைய சம்பளத்தால்" என்று சொல்லும். அதனால் நேராகக் கோர்ட், கேஸ் என்று ஆரம்பிக்காதீர்கள்.

2020-ஐ முதலில் எடுங்கள், உங்கள் பக்கம் பலமானது அதுதான். அப்போது உங்கள் மாதச் சம்பளம் 17,800 சொச்சம், அதாவது 21,000 ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள். ஈஎஸ்ஐ பிடித்திருந்தால் (பழைய பே ஸ்லிப்பில் பாருங்கள்) அந்த 26 வாரப் பணத்தைக் கொடுத்தது ஈஎஸ்ஐ, கம்பெனி அல்ல. ஈஎஸ்ஐ பிடிக்காதிருந்தால், பிரசவ விடுப்பைக் காரணமாக்கிப் பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுவதை 1961 மகப்பேறு சட்டம் தடுத்தது. "வேலை பார்த்த மாதங்களை வைத்து 2020 மதிப்பீட்டைத் திருத்துங்கள்" என்று மெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அடுத்த மெயிலில், "என் கிரேடுக்குச் சம்பள வரம்பு என்ன, நான் அதில் எங்கே இருக்கிறேன்?" என்று கேளுங்கள். சக ஊழியர் பெயரை எழுதாதீர்கள், அவர் உங்களிடம் சம்பளத்தைச் சொன்னதே பெரிய விஷயம். பதிலே வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது.

முக்கியமாக, சதவீதத்தில் கேட்காதீர்கள். ரூபாயில், திருத்தம் என்று கேளுங்கள். "இந்த முறை உனக்கு 11 சதவீதம்" என்றால் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அவருக்கு 9 சதவீதம் போனால் உங்களுக்கு வருவது 3,135, அவருக்கு 3,051. இடைவெளியில் குறைவது வெறும் 84 ரூபாய்தான்.