அடித்தளத்தில் இடுப்பளவு தண்ணீர்: ஒரேயடியாக இறைக்காதீர்கள்

மழையில் அடித்தள அறை முழுக்க இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, பெரிய பம்பு வைத்து இன்றே காலி செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து பொறுங்கள். முதலில் மின்சாரம். மெயின் ஸ்விட்ச் கீழேயே இருந்தால் அதை அணைக்கக்கூடத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

சுற்றியுள்ள மண் ஊறிப்போய்ச் சுவரை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது, உள்ளே நிற்கும் தண்ணீர்தான் இப்போது அதற்கு எதிராக முட்டுக் கொடுக்கிறது, அதை ஒரே நாளில் எடுத்துவிட்டால் சுவர் விரிசல் விடலாம், உள்பக்கமாக இடிந்தே விழலாம். வெளியே தேங்கியது வடிந்த பிறகு ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் இறையுங்கள். நிறுத்தியதும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் மண் இன்னும் வடியவில்லை என்று அர்த்தம், இன்னொரு நாள் விடுங்கள்.

அப்புறம் பூஞ்சை. ஈரம் பட்ட 24 முதல் 48 மணி நேரத்தில் பிடிக்க ஆரம்பித்துவிடும், ஆகவே நனைந்த கார்பெட், மெத்தையை எல்லாம் மனசு கேட்காவிட்டாலும் தூக்கிப் போடுங்கள்.

இனி வராமலிருக்க, சரி, பம்பெல்லாம் பிறகு, முதலில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயைப் பாருங்கள். பெரும்பாலும் அது சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். ஆறடியாவது தள்ளி விழும்படி நீட்டுங்கள், சுவரை ஒட்டிய மண்ணையும் வெளிப்பக்கம் சரியும்படி மேடாக்குங்கள். அதற்குப் பிறகும் கசிந்தால் குழி தோண்டி, அதில் சேரும் தண்ணீரைத் தானாக வெளியே தள்ளும் சம்ப் பம்பு வைக்கலாம், ஆனால் கட்டாயம் பேட்டரியோடு, பெருமழையில்தான் கரண்டும் போகும்.