நாயோடு குளிக்க ஒதுக்குப்புறமான இடம் எங்கே? கேள்வி பதில்

நாயையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், கூட்டமில்லாமல் தண்ணீரில் இறங்க இடம் தேடுகிறார்கள். மே விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குள் அப்படி இடம் பிடிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. லேப்ரடார்களோடும் நாட்டு நாய்களோடும் ஆறு, கடல் என்று சுற்றுகிறவன். ஊசி மருந்து விஷயங்களை உங்கள் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோவை: நாங்கள் நாலு பேர், ஒரு லேப்ரடார். ஆளே வராத அருவி ஒன்று சொல்லுங்களேன் அண்ணா.

சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆள் வராத அருவி என்றால் பெரும்பாலும் அது வனத்துறை நிலம். மணிமுத்தாறு அருவி, அகத்தியர் அருவி இரண்டும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே நாயை இறக்கக் கூடாது. வனத்துறைக்காரர் வேண்டுமென்றே கெடுபிடி செய்வதாக நினைக்காதீர்கள். வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குத் தொற்றும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களை அழித்தது இந்த டிஸ்டெம்பர்தான். இன்னொரு பக்கம், சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளைப் பிரியம். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஓடையில் சாயங்காலம் உங்கள் லேப்ரடாரை அவிழ்த்துவிடுவது, சிறுத்தைக்கு இலை போட்டு அழைப்பது போலத்தான்.

மதுரை: அருவி வேண்டாம் என்றால் வேறு எங்கே போவது? நீங்கள் எப்படி இடம் கண்டுபிடிக்கிறீர்கள்?

ஆளே இல்லாத இடத்தை நான் தேடுவதில்லை. ஊர்க்காரர்கள் இறங்குகிற, வெளியூர்க் கூட்டம் வராத இடத்தைத் தேடுகிறேன். ஊரார் யாரும் இறங்காத தண்ணீர் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சுழலோ, முதலையோ, சாயப்பட்டறைக் கழிவோ, எதுவாகவும் இருக்கலாம்.

முதலில் தங்குமிடம். ஆற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ நடந்து போகிற தூரத்தில் இருக்கும் தோட்ட வீடுகளைப் பார்க்கிறேன். செயற்கைக்கோள் வரைபடத்தில் ஆற்றை ஒட்டி நகர்த்திக்கொண்டே போனால், ஊரிலிருந்து மண் பாதை வந்து கரையில் முடிகிற இடங்கள் தெரியும். அவை பெரும்பாலும் துறைகள்தான். ஆனால் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று பார்க்காமல் நம்பாதீர்கள். டிசம்பரில் நிறைந்து ஓடுவது மே மாதத்தில் வெறும் மணலாகக் கிடக்கும்.

அப்புறம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி. "உங்க வீட்டுப் பிள்ளைங்க எங்கே குளிப்பாங்க?" "மாடு எந்தத் துறையில இறங்கும்?" "தண்ணி எப்பத் திறந்து விடுவாங்க?" பாதுகாப்பான இடம் எது என்பதற்கு, வேறு எந்தக் கேள்வியையும் விட முதல் கேள்வியில்தான் நேர்மையான பதில் கிடைக்கும். இரண்டாவது நாய்க்காக. மாடு இறங்குகிற துறை சரிவாக இருக்கும், நாயால் ஏறி வர முடியும். செங்குத்துக் கரையில் நாய் குதித்துவிடும், ஏறத் தெரியாது. மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாத வீட்டுக்காரர் என்றால் அவர் ஊரில் இருப்பதில்லை என்று அர்த்தம். வேறு இடம் பாருங்கள்.

நாய்க்கு அனுமதி உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், அறைக்குள்ளா, வராந்தாவிலா, கொட்டகையிலா என்று கேட்டு வையுங்கள். அவர்கள் வீட்டில் நாய் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

சென்னை: தாமிரபரணி எப்படி? கோடையிலும் தண்ணீர் இருக்கும் என்கிறார்களே.

இருக்கும். கோடைக்கு என் முதல் தேர்வு அதுதான். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் பக்கமெல்லாம் கரையோர ஊர்கள், தோட்டங்கள், நிறைய துறைகள். மே மாதத்தில் நீர் குறைந்து, அடிப்பாறை தெரிகிற அளவுக்குத் தெளிவாக ஓடும் இடங்கள் கிடைக்கும். தடுப்பணைகளை ஒட்டி மட்டும் இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் கீழே இழுப்பு இருக்கும்.

பாபநாசம் படித்துறைக்கு நாயைக் கொண்டுபோக வேண்டாம். அது பரிகாரத்துக்கு வருகிறவர்களின் இடம், அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. போதாததற்கு அங்கே ஆற்றில் விட்டுப்போகும் துணிகள் தண்ணீருக்குள் கிடந்து காலில் சுற்றும். நீந்துகிற நாய்க்கு அது ஆபத்து.

எந்தத் துறையானாலும், குளிக்கிறவர்களுக்கும் துவைக்கிறவர்களுக்கும் கீழே, ஓட்டம் போகிற பக்கம் தள்ளிப் போய் நாயை இறக்குங்கள். ஊர்க்காரர்கள் விடியற்காலையும் சாயங்காலமும் வருவார்கள். நடுவில் ஒன்பது, பத்து மணிக்குப் போனால் துறை காலியாக இருக்கும். பை எடுத்துப் போய் நாய் போனதை அள்ளுங்கள். ஒருவர் அள்ளாமல் வந்தால் அடுத்து வருகிற எல்லா நாய்களுக்கும் அந்த ஊர் மூடிவிடும்.

திருச்சி: நம்ம காவிரி, கொள்ளிடத்தில் இறங்கலாமா?

மே மாதத்தில் டெல்டாப் பக்கம் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் மணல்தான். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்குத் திறப்பார்கள், அணையில் நீர் இருந்தால். திறந்த புதிதில் வருகிற தண்ணீரில் குடும்பத்தோடு இறங்க வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்கு நாயோடு எந்தப் படித்துறைக்கும் போக வேண்டாம்.

கொள்ளிடத்துக்கு நான் போவதே இல்லை. மணல் அள்ளிய குழிகள்தான் காரணம். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்போம், அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

சேலம்: முதலை இருக்குமோ என்று மனைவி பயப்படுகிறார். வீண் பயமா?

வீண் பயம் இல்லை. அமராவதி அணை நம் நாட்டுச் சதுப்பு முதலைகளுக்குப் பேர்போன இடம். மோயாற்றில் இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கும் மேட்டூருக்கும் இடையிலும், கும்பகோணம் பக்கத்து அணைக்கரை ஊருக்குக் கீழே கொள்ளிடத்திலும் இருக்கிறது. முதலைக்கு மனிதரைவிட நாய் வசதியான இரை. எச்சரிக்கைப் பலகை இருக்கிற கரையில் நாயைத் தண்ணீர் குடிக்கக்கூட விடாதீர்கள்.

ஈரோடு: மாமனார் தோட்டத்தில் பெரிய கிணறு இருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதில்தான் நீச்சல் கற்றோம். நாயையும் இறக்கலாமா சார்?

கிணற்றில் வேண்டாம். நாய் எவ்வளவு நன்றாக நீந்தினாலும் செங்குத்துச் சுவரில் ஏறாது. சுற்றிச் சுற்றி நீந்திக் களைத்து மூழ்கும். துருத்திக்கொண்டிருக்கும் கல் படி உங்களுக்கு உதவும், அதற்கு உதவாது.

ஆனால் பம்புசெட் தொட்டி இருக்கிறதே, அதைவிடச் சிறந்த இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். சுத்தமான தண்ணீர், சொந்த இடம், வெளியாள் இல்லை. உள்ளே இரண்டு மூன்று ஹாலோபிளாக் கல்லைப் படி மாதிரி அடுக்கிவிடுங்கள், நாய் தானே ஏறி வரும். மோட்டாரை நிறுத்தி, மெயினையும் அணைத்த பிறகே யாரும் இறங்க வேண்டும். பழைய தோட்டங்களில் மின் கசிவு சாதாரணம்.

சென்னை: ஈசிஆர் கடற்கரையில் ஆள் இல்லாத பகுதி நிறைய இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அங்கே கரை சட்டென்று சரியும், அலை கரையிலேயே உடையும். நாய் கால் நனைக்கலாம், நீந்த விடாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட அந்த மணலுக்கு வரும். நாய் மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டிவிடும் என்பதால் அந்த மாதங்களில் இரவில் நாயோடு போகவே வேண்டாம்.

நீந்துகிற கடல் வேண்டுமென்றால் பாக் நீரிணைப் பக்கம் போங்கள். ராமநாதபுரத்தைத் தாண்டி, உச்சிப்புளி அருகே அரியமான். சவுக்கு நிழல், ஆழமில்லாத கரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் பெரிய அலை இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் கொந்தளிக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும், வார நாளில் போய்க் கரையோடு தள்ளி நடந்துவிடுங்கள்.

மணலில் கிடக்கும் மீனை நாய் வாய் வைக்க விடாதீர்கள், குறிப்பாகப் பேத்தை மீன். அதன் நஞ்சு கொல்லும், முறிமருந்து இல்லை. தூண்டில் முள்ளும் கிடக்கும். குடிக்க நல்ல தண்ணீர் அடிக்கடி காட்டுங்கள், இல்லையென்றால் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வழியெல்லாம் வயிற்றுப்போக்கு.

திண்டுக்கல்: கிராமத்துக்குள் போனாலே ஊர் நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. என்ன செய்ய?

நாயோடு ஒதுக்குப்புறம் போகிறவர்களுக்கு நிஜமான தலைவலி இதுதான், தண்ணீர் இல்லை. தெருவுக்குள் நாயை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். காரிலேயே துறைவரை போங்கள், இறங்குமுன் ஐந்து நிமிடம் கண்ணாடியை மூடிக்கொண்டு பாருங்கள். ஊர் நாய்கள் வந்தால் கல் எறிய வேண்டாம், ஓடவும் வேண்டாம். உங்கள் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அந்த எல்லையை விட்டு மெதுவாக விலகுங்கள். ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அவர் ஒரு அதட்டல் போட்டால் எல்லாம் கலைந்து போகும்.

ரேபிஸ் ஊசி தேதி தாண்டாமல் இருக்கட்டும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் கேளுங்கள். முதல் முறை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும், ஆகவே கிளம்புவதற்கு முந்தின வாரம் போய் நின்று பயனில்லை. தேங்கிய குளம், பச்சைப் பெயின்ட் ஊற்றியது போன்ற ஏரி, இரண்டையும் ஊசி போட்டிருந்தாலும் தவிருங்கள்.

மதுரை: ஆறு வயது மகளும் நாயும் ஒன்றாக விளையாடலாமா?

கரையில் விளையாடட்டும். தண்ணீருக்குள் நாய் பயந்தாலும் குஷியானாலும் பக்கத்தில் இருப்பவர் மேல் ஏறும். முப்பது கிலோ நாய் ஏறினால் குழந்தை உள்ளே போய்விடும், நகமும் கீறும். குழந்தைக்கு ஒரு பெரியவர், நாய்க்கு ஒரு பெரியவர், இருவரும் போனைத் தொடக் கூடாது. நாயை ஓட்டம் இழுத்துப் போனால் பின்னால் குதிக்காதீர்கள் அக்கா. கரையோடு ஓடிக் கூப்பிடுங்கள், கீழே எங்காவது ஏறி வரும். முதுகில் கைப்பிடி வைத்த நாய் மிதவைச் சட்டை வாங்குங்கள். கழுத்துப் பட்டையோடு நீண்ட கயிறு கட்டி ஓடும் தண்ணீரில் விடாதீர்கள், பாறையில் மாட்டும்.

சென்னை: திருநெல்வேலிக்கு ரயிலில் கூட்டிப்போக முடியுமா?

முதல் வகுப்பு ஏசியில் கூபே (இரண்டு பேர் அறை) அல்லது கேபின் (நாலு பேர் அறை) முழுவதும் உங்கள் குடும்பத்துக்கே கிடைத்தால் முடியும். பார்சல் அலுவலகத்தில் நாய்க்குக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அனுப்பலாம், ஆனால் மே மாத வெயிலில் நான் அனுப்ப மாட்டேன். காரில் போனால் சாப்பிட இறங்கும்போது நாயைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் உள்ளே அரை மணி நேரத்தில் 50-ஐத் தாண்டும்.

தஞ்சாவூர்: எங்களிடம் இருப்பது பக். தண்ணீரென்றால் உயிர். நீந்துமா?

நீந்தாது. தட்டை மூக்கும் கனத்த தலையும் உடம்பைச் செங்குத்தாக்கிவிடும், மூக்கு நீரில் அமிழும். வயிறு நனைகிற ஆழத்தில், மிதவைச் சட்டையோடு, கை எட்டும் தூரத்தில் விடுங்கள், அதுவும் வெயில் ஏறுவதற்குள்.